கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

இரண்டாயிரத்து இருபத்து மூன்று, ஜூன் பத்தொன்பது, திங்கட்கிழமை. காலை மணி ஐந்து ஐம்பது. மேல்காற்று கரிசல் புழுதியைக் கிளப்பி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. மேகம் நிறைய. ஆனால் நிற்கிற மேகம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கிழக்கே ஓடிக்கொண்டிருந்தன.

எம்.ரெட்டியபட்டியைத் தாண்டி, காட்டுக்குள் இருக்கும் ஓர் அய்யனார் கோயில் முன்னால் நாங்கள் நான்கு பேர் பூசாரிக்காகக் காத்திருந்தோம். என் வீட்டு மாடியில் மூன்று வருடம் குடியிருந்த பெண், அவளுடைய அப்பா, அம்மா, நான். கொஞ்சம் தள்ளி ஒரு வாடகைக் கார். காருக்குள் அவளுடைய பெட்டி. பம்பாய் போகும் ரயில் விருதுநகருக்கு ஒன்பதே முக்காலுக்கு வரும். அதில் அவளுக்கு இடம் பதிவாகியிருந்தது. அவள் அதில் ஏறுவாளா மாட்டாளா என்பது மட்டும் முடிவாகவில்லை.

அவளுக்கு அப்போது வயது இருபத்து நான்கு. கோயம்புத்தூரில் ஒரு மில்லின் பரிசோதனைக்கூடத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்திருந்தாள். பம்பாயில், வெளிநாட்டுக்குப் போகும் துணிகளைச் சோதிக்கும் பெரிய கூடம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. புதன்கிழமை காலை போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதை அவர்கள் இரண்டு தடவை போனில் சொல்லியிருந்தார்கள்.

அப்பாவுக்கு இஷ்டமில்லை. குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது, அது வந்தால் வீட்டில் இருந்தே வேலைக்குப் போகலாம் என்பது அவர் பேச்சு. "என்னைக்கு வரும்?" என்று அவள் கேட்டால், "வரும்ல?" என்பார். அம்மாவுக்கு இஷ்டமா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் அப்பா, "பூக் கட்டிப் பாப்போம். அய்யா என்ன சொல்றாரோ அதுபடி" என்றார். போர் போடுவதற்கும், சம்பந்தம் பேசுவதற்கும், காட்டை விற்பதற்கும் அந்தக் குடும்பத்தில் அப்படித்தான் வழக்கம். சிவப்பு அரளி ஒன்று, வெள்ளை அரளி ஒன்று, தனித்தனியே இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். எந்தப் பூ எதற்கு என்று கேட்கிறவர்கள் மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும்.

என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்றால், முந்தின நாள் அவள் அப்பா போனில், "கணக்கான ஆளு ஒருத்தர் பக்கத்துல இருக்கணும் சார்" என்றார். நான் பஞ்சாலையில், ஆட்கள் வந்து போகும் நேரத்தைப் பதிகிற டைம் ஆபீஸில் முப்பத்தாறு வருடம் இருந்தவன். என் சட்டைப் பையில் அன்று காலை ஒரு ரயில் டிக்கெட் இருந்தது. அது இருப்பது என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த டிக்கெட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன் இந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதல் தடவை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தது, அருப்புக்கோட்டையில் டிப்ளமா படிக்கச் சேர்ந்தபோது. மாடி அறையைப் பார்க்க அப்பாவும் மகளும் வந்தார்கள். அப்பா வாடகை கேட்டார், தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும் என்று கேட்டார், மாடிக்குத் தனி மீட்டரா என்று கேட்டார். எல்லாம் நியாயமான கேள்விகள். அவள் அறைக்குள்ளேயே போகவில்லை. மாடிப்படியில் நின்றபடியே என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சார், இங்கருந்து எங்க ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?"

நான் அருப்புக்கோட்டையிலேயே பிறந்து வளர்ந்தவன். எனக்கு வாய்க்கு வந்த பதில், "ஒம்பது, ஒம்பதரை இருக்கும்" என்பது. அவள் முகம் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. 'இருக்கும்' என்பதெல்லாம் ஒரு பதிலா என்பதுபோலப் பார்த்தாள். எனக்கே அது உறுத்தியது. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நேரக்காப்பாளர் அறையில் கேட்டு, வந்து போன் செய்து சொன்னேன். ஒன்பது இருபது. அதற்குப் பிறகுதான் முன்பணம் கொடுத்தார்கள்.

பயந்த பெண் என்று நினைத்துவிடக் கூடாது. கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று எங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு மிதவை மாற்றியவள் அவள்தான். திருச்சுழி போகும் பஸ்ஸில், நிறுத்தம் தாண்டி ஒரு கிழவியை இறக்கிவிட்ட கண்டக்டரிடம், "நடந்து காட்டுங்கண்ணே, நீங்க மொதல்ல நடந்து காட்டுங்க" என்று வண்டியை மறித்துக்கொண்டு நின்றாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் எந்த இடத்துக்குப் போனாலும், உட்காருவதற்கு முன் திரும்பி வர வழி தெரிந்தாக வேண்டும். நரிக்குடியில் ஒரு கல்யாணத்துக்கு என் மனைவியோடு போனாள். போய் இறங்கியதும் மண்டபத்துக்குள் நுழையாமல் எதிர்க் கடையில் கடைசி பஸ்ஸை விசாரித்தாள். பிறகு பந்தியில் கடைசி நாற்காலி. கை அலம்புகிற இடத்துக்குப் பக்கம்.

"ஏத்தா, பாயாசம் வருது, உக்காரு" என்று என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாளாம்.

"நீங்க குடிச்சிட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்கம்மா. நான் பஸ்ஸுல எடம் போடுறேன்."

சினிமாவும் அப்படியே. என் மனைவிக்கு மதுரைக்குப் போய்ப் படம் பார்ப்பதில் ஒரு ஆசை. எனக்கு அது செலவு. அதனால் இந்தப் பெண்ணைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போவாள். மூன்று வருடத்தில் பதினொரு படம். அதில் ஒரு படத்தின் முடிவையும் அவள் பார்த்ததில்லை. முடிவதற்கு இருபது நிமிடம் முன்னால் எழுந்து போய் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர் பஸ்ஸில் துண்டு போட்டு உட்கார்ந்திருப்பாள். என் மனைவி படத்தை முழுதாகப் பார்த்துவிட்டு வந்து, வழியெல்லாம் கதை சொல்லுவாள். அப்போது வேண்டுமென்றே முடிவை மாற்றிச் சொல்லுவாள். செத்தவனைப் பிழைக்க வைப்பாள். சேர்ந்தவர்களைப் பிரித்துவிடுவாள். இந்தப் பெண்ணுக்கு அது தெரியும். தெரிந்தும், "நீங்க சொன்ன முடிவுதான்மா நல்லா இருக்கு" என்பாள்.

ஏன் இப்படி என்று அவள் பெற்றோரிடம் ஒரு தடவை கேட்டேன். அம்மா, "பள்ளிக்கூடத்துல இருந்து திருச்சுழிக்குப் பரிச்சை எழுதக் கூட்டிட்டுப் போயி, பஸ்ஸத் தவற விட்டு ராத்திரி முழுக்க அங்கயே இருந்துச்சு. அன்னைல இருந்துதான்" என்றார். அப்பா, "அதெல்லாம் இல்ல சார். பொறந்ததுல இருந்தே அப்படித்தான்" என்றார். அந்த இரண்டு பேரும் ஒரு விஷயத்துக்கு ஒரே காரணம் சொல்லி நான் கேட்டதில்லை. இதை அன்று காலை நான் நினைவில் வைத்திருந்திருக்க வேண்டும்.

கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனபோது மில்லுக்குப் பக்கத்திலேயே விடுதி கொடுத்தார்கள். வேண்டாம் என்றுவிட்டு, சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அறை எடுத்தாள். வேலைக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். "ஏன் இந்தக் கூத்து?" என்று போனில் கேட்டேன்.

"படுத்தா, 'மதுர மதுர மதுர'ன்னு கூப்புடுறது கேக்கும் சார். அதக் கேட்டாத்தான் தூக்கம் வருது."

அப்படிப்பட்டவள் பம்பாய்க்குப் போக விண்ணப்பம் போட்டாள் என்பதை நான் முதலில் நம்பவில்லை. ஆனால் மே மாதம் லீவில் வந்து எங்கள் மாடியில் நான்கு நாள் தங்கியபோது காதால் கேட்டேன். படி ஏறும்போதும் இறங்கும்போதும் இந்தியில் எண்ணிக்கொண்டு போனாள். ஏக், தோ, தீன், சார். என் வீட்டுப் படி பதினேழு. அவள் பதினாறில் முடித்துவிடுவாள். ஒரு படியைத் தாண்டிக் குதிக்கிறாள் என்று எனக்கு ஒரே எரிச்சல். கீழே நின்று, "ஒண்ணு கொறையுதும்மா" என்றேன்.

"பதினேழுக்கு இந்தியில என்னன்னு இன்னும் படிக்கல சார்" என்றாள்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இந்தப் பெண்ணுக்குப் போக ஆசை இருக்கிறது. தொண்டை வரைக்கும் இருக்கிறது. பயமும் அதே அளவு இருக்கிறது. பம்பாயிலிருந்து கடைசி பஸ் கிடையாது.

கோயிலுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை, நான் அருப்புக்கோட்டை ரயில் நிலையத்துக்குப் போய், வரிசையில் நின்று, அவள் பெயரில் பம்பாயிலிருந்து விருதுநகருக்கு ஒரு டிக்கெட் எடுத்தேன். அவள் கிளம்பும் நாளிலிருந்து நான்கு வாரம் தள்ளி. வீட்டில் கொண்டுவந்து காட்டினேன். என் மனைவி, "போகவே இல்ல, அதுக்குள்ள வர டிக்கெட்டா? உங்களுக்கும் அவளுக்கும் ஒரே மூளைதான்" என்றாள்.

பூசாரி வந்தார். ஈரத் துண்டோடு உள்ளே போய் விளக்கேற்றினார். இரண்டு பூவரச இலையைக் கிழித்து, பூவை வைத்து மடித்தார். ஒரே அளவு, ஒரே மடிப்பு. கையில் குலுக்கி அய்யனார் காலடியில் போட்டார்.

"நல்லா நெனச்சுக்கிருங்க" என்றார். "ஒரு தடவதான் கேக்கலாம்."

அப்பா கண்ணை மூடினார். அம்மா கண்ணை மூடினார். அவள் மூடவில்லை. அந்த இரண்டு பொட்டலத்தையும் பார்த்துக்கொண்டே நின்றாள். காற்று ஒரு பொட்டலத்தை இரண்டு விரல்கடை தள்ளியது. பூசாரி கையை நீட்டி, தடவி, எடுத்துப் பிரித்தார்.

சிவப்பு.

"பாத்தியா!" என்றார் அப்பா. "இருந்துக்கன்னு சொல்லிட்டாரு. என் அய்யா என்னைக் கைவிடல."

அதே நேரத்தில் அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "போயிட்டு வான்னு உத்தரவு குடுத்துட்டாரு தாயி" என்றார்.

இரண்டு பேரும் திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நீ எத நெனச்ச?" என்றார் அப்பா.

"செவப்பு வந்தாப் போகட்டும்னு. செவப்புதான மங்களம்? குங்குமம் என்ன நெறம்?"

"செவப்புன்னா நிக்கிறதுல்ல? செவப்புக் கொடி காட்டுனா ரயிலு போகுமா நிக்குமா?"

"சாமிக்கு எதுக்குய்யா ரயிலு?"

"பம்பாய்க்கு என்ன மாட்டு வண்டியிலயா போறா?"

காரில் சாய்ந்து நின்ற டிரைவர் சிரித்துவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. கணக்கான ஆள் என்று கூட்டி வந்தவனுக்கு, எந்தப் பூ எதற்கு என்று இரண்டு பேரிடமும் முதலிலேயே வாய்விட்டுக் கேட்கத் தோன்றவில்லை. அப்பா பூசாரியிடம், "இன்னொரு தடவ போட்டுப் பாப்போம்" என்றார். பூசாரி விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே தலையை ஆட்டினார்.

"சொல்லிட்டாரு. புரியலன்னு திருப்பித் திருப்பிக் கேட்டா அவருக்குக் கோவம் வராதா? வெள்ளிக்கெழம வாங்க."

வெள்ளிக்கிழமை பம்பாயில் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். மணி ஆறு முப்பத்தைந்து. அம்மா மகளின் தோளைப் பிடித்தார். "நீ எத நெனச்ச? நீ சொல்லு. நீ நெனச்சதுதான் கணக்கு."

"நான் ஒண்ணும் நெனக்கலம்மா" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் நெனப்பீகன்னு இருந்துட்டேன்."

சாமி சொல்லும் என்று அவள் அதுவரை தாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது அந்தப் பாரம் முழுதும் அவள் தலைக்கே திரும்பி வந்துவிட்டது. அவள் அப்பா என்னைப் பார்த்து, "சார், நீங்களாவது சொல்லுங்க. இவளுக்கு எடுத்துச் சொல்லுங்க" என்றார். எந்தப் பக்கம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும் என்று நினைத்தார்.

அவளும் என்னைப் பார்த்தாள். அவள் கேட்டது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

"சார், பம்பாய்ல இருந்து திரும்பி வர..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் நின்றாள்.

நான் சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்தேன். காற்றில் பறந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினேன். "ஜூலை பதினேழு. எஸ் ஆறு. முப்பத்தஞ்சு, மேல் பெர்த்து."

அவள் வாங்கிப் பார்த்தாள். பெயரைப் பார்த்தாள், வயதைப் பார்த்தாள், தேதியை மூன்று தடவை பார்த்தாள். பிறகு அப்பாவிடம் நீட்டினாள். "நாலு வாரம்பா. போயிட்டு வாரேன்."

அவர் அந்தத் தாளை வாங்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வைக்கு எந்தக் கணக்கிலும் இடம் இல்லை. "டிக்கெட்டு வேற எடுத்துட்டீகளா சார்" என்று மட்டும் சொன்னார். காரின் முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அருப்புக்கோட்டையில் ரயில்வே கேட் மூடியிருந்தது. பாலையம்பட்டி பக்கம் ஒரு லாரி ஒன்றரை மணி நேரம் குறுக்கே நின்றது. விருதுநகர் நிலையத்துக்குள் நாங்கள் நுழையும்போது ரயில் வந்துகொண்டிருந்தது. பெட்டியை டிரைவரும் அப்பாவும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அப்பாதான் உள்ளே ஏறி, இடம் பார்த்து, பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளி, சங்கிலி போட்டுப் பூட்டினார். அவர் இறங்கியபோது அவள் வாசலில் நின்று அந்த டிக்கெட்டை என்னிடம் திருப்பி நீட்டினாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும் சார். எங்கிட்ட இருந்தா நான் ஏறிருவேன்."

வண்டி நகர்ந்துவிட்டது. வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னபோது என் மனைவி கேட்டாள். "கவுண்டர்ல எடுத்த டிக்கெட்டு. இந்தத் தாளக் காட்டுனாத்தான உள்ள விடுவான்? தாளு இங்க இருக்கு, புள்ள அங்க இருக்கா. எப்படி வருவா?"

முப்பத்தாறு வருடம் ஒரு கைரேகை, ஒரு அரை மணி நேரம் தவற விடாதவன். உடனே போன் செய்தேன். வண்டி மதுரையைத் தாண்டியிருந்தது. "அம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு, நாளைக்கே கூரியர்ல அனுப்பிர்றேன்" என்றேன்.

"தெரியும் சார்" என்றாள். "அங்க இருக்குன்னு தெரிஞ்சாப் போதும். அதான் நல்லது."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் வரும். நலம் விசாரிப்பது கிடையாது. முதல் கேள்வி, "டிக்கெட்டு இருக்குல்ல சார்?" நான் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். "இருக்கு. எஸ் ஆறு, முப்பத்தஞ்சு." பிறகுதான் மற்றதெல்லாம். அறையில் ஆறு பேர். தண்ணீர் காலையில் முக்கால் மணி நேரம். லோக்கல் ரயிலில் ஏறுவதற்கு முன்பே இறங்குவதற்கு ஆயத்தமாக வேண்டும். "அது ஒண்ணுதான் சார் எனக்கு ஏற்கனவே வரும்" என்று ஒரு தடவை சிரித்தாள்.

மூன்றாவது ஞாயிறுக்கு மறுநாள், திங்கட்கிழமை, காலையிலேயே போன் வந்தது. அங்கே மூன்று நாளாக மழை. அறைக்குள் தண்ணீர். வேலையில் ஒரு துணிக்குச் சாயம் போகும் என்று இவள் எழுதியதை மேலே உள்ளவர் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தியில் பதில் சொல்ல வாய் வரவில்லை. அழுதுகொண்டே சொன்னாள். "அனுப்பிருங்க சார். இன்னைக்கே அனுப்பிருங்க. நான் வாரேன்."

உறையில் போட்டு, விலாசம் எழுதி, பஜாரில் கூரியர் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் நான்கு பேர். அங்கே அவளுடைய அப்பா நின்றுகொண்டிருந்தார். அவள் அம்மாவுக்கும் போன் போயிருக்கிறது. பருத்திக்கு மருந்து வாங்க வந்தவர், மருந்து வாங்காமல் கூரியர் கடைக்கு வந்திருக்கிறார். கோயிலுக்குப் பிறகு அன்றுதான் நாங்கள் முகத்துக்கு முகம் பார்த்தோம்.

"அனுப்பப் போறீகளா சார்?"

"அனுப்பச் சொல்லுது."

"அனுப்புங்க. மொதல்ல அனுப்புங்க." வரிசையில் என் பக்கத்திலேயே ஒட்டி நின்றார், யாரோ இடையில் புகுந்துவிடுவார்கள் என்பதுபோல. முகத்தில் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஆனால் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. "வரட்டும் சார். பூங்கா வர்ற வரைக்கும் வீட்டுல இருக்கட்டும். கஞ்சியோ கூழோ."

எனக்கு முன்னால் ஒருவர் பாக்கி. என் போன் அடித்தது.

"சார், அனுப்பிட்டீங்களா?"

"இல்லம்மா. வரிசையில நிக்கேன். ஒருத்தர்தான்."

அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது. நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். எனக்குக் காது அப்படித்தான்.

"அனுப்பாதீங்க சார்" என்றாள். "இன்னும் ஒரு வாரம் பாக்குறேன். பயந்து வந்தேன்னா திரும்ப இங்க வர மாட்டேன். அனுப்பாதீங்க."

கூரியர் கடைப் பையன் கையை நீட்டினான். உறை என் கையில் இருந்தது. அவள் அப்பா அதை என் விரலிலிருந்து உருவி எடுத்தார். மேலே ஆங்கிலத்தில் எழுதியிருந்த விலாசத்தை ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் படித்தார். அவர் அதைப் பையனிடம் கொடுத்துவிட்டால் நான் தடுத்திருப்பேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கடைக்கு வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துப் போனது. அவர் உறையைத் திருப்பி என் சட்டைப் பையில் வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டினார்.

"அவ சொல்றதச் செய்ங்க சார்" என்றார். மருந்துக் கடையைப் பார்த்து நடந்தார்.

நான்கு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். அந்தத் துணியை வேறு இடத்தில் சோதித்துப் பார்த்தார்களாம். சாயம் போனதாம். ஆனால் டிக்கெட் ரத்து செய்ய எனக்கு மனம் வரவில்லை. பதினாறாம் தேதி கவுண்டர் மூடும் நேரம் வரை வைத்திருந்துதான் ரத்து செய்தேன். கடைசி நேரம் என்பதால் பிடித்தம் நூற்று எண்பத்தைந்து. அந்த வரிசையிலேயே திரும்ப நின்று செப்டம்பருக்கு ஒன்று எடுத்தேன், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை கேட்டால் 'இருக்கு' என்று சொல்ல வேண்டும். செப்டம்பருக்குப் பிறகு தீபாவளிக்கு. தீபாவளிக்குப் பிறகு பொங்கலுக்கு. பொங்கலுக்குப் பிறகு சித்திரைக் கடைசிக்கு. ஒவ்வொன்றாக எடுப்பேன், தேதி நெருங்கினால் ரத்து செய்துவிட்டு அடுத்ததை எடுப்பேன். கவுண்டரில் இருந்தவர், "யாரு சார் இது, வரவே வராத பயணி?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

பொங்கல் டிக்கெட்டுக்குப் பிறகு போன் இரண்டு வாரத்துக்கு ஒன்று ஆனது. பிறகு மாதத்துக்கு ஒன்று. முதல் கேள்வி இரண்டாவது கேள்வியாயிற்று. ஒரு தடவை அவள் கேட்கவே மறந்துவிட்டாள். நான் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

சித்திரையில் வந்தாள். நான் எடுத்து வைத்த டிக்கெட்டுக்கு எட்டு நாள் முன்னால், அவளே போனில் எடுத்த டிக்கெட்டில். நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். அப்பா கூட்டிப்போக வந்து முன் அறையில் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தாள். பேச்சு வேகமாகியிருந்தது. என் மனைவி பாயாசம் வைத்திருந்தாள். முழுவதும் குடித்து, டம்ளரை வைத்துவிட்டு, அப்பா பக்கம் திரும்பினாள்.

"ஏம்ப்பா, நம்ம ஊர்ல இருந்து காலையில மொத பஸ் எத்தன மணிக்கு? அடுத்த திங்கக்கெழம அந்தப் பம்பாய் வண்டியப் பிடிக்கணும்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவள் அப்பாவைப் பார்த்தேன். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அஞ்சே காலு" என்றார். "நேத்தே விசாரிச்சுட்டேன்."

அவர்கள் போன பிறகு பீரோவைத் திறந்து, சித்திரைக் கடைசி டிக்கெட்டை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். ரத்து செய்து கொடுத்துவிட்டு, "அடுத்தது எந்தத் தேதி சார்?" என்று கவுண்டரில் இருந்தவர் கேட்டார். அடுத்தது இல்லை என்றேன். பம்பாய்க்குக் கிளம்புவதற்கு முதல் நாள் அவள் வந்து, "எவ்வளவு சார் ஆச்சு எல்லாம் சேத்து? இப்ப எங்கிட்ட இருக்கு" என்று கேட்டாள். கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். கூட்டிப் பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. முதல் டிக்கெட்டுக்குப் பிடித்தம் நூற்று எண்பத்தைந்து, மற்ற நான்குக்கும் தலா நூற்று இருபது. ஆகமொத்தம் அறுநூற்று அறுபத்தைந்து ரூபாய்.